கொக்கி

எங்கள் ஆலையில் இரண்டு த்ராஹொமீராக்கள்.
அவள் சிம்கோவா, நான் ஷிம்கோவா.
செக் மொழியில் அந்த வித்தியாசம்
முதல் எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும்
சின்னக் கொக்கி ஒன்றுதான்.
ஊதினால் பறந்துவிடும் தூசிபோல.

"கொக்கி!" என்று கத்துவார் போர்மன் லூபோர்,
நான் திரும்புவேன்.
"மொட்டை!" என்பார்,
அவள் திரும்புவாள்.
பத்தொன்பது வருடம்
பக்கத்துப் பக்கத்து பெஞ்சில்
தூசுறிஞ்சி மோட்டார்களுக்குச்
செப்புக்கம்பி சுற்றினோம்.
அவள் கை என் கையைவிட வேகம்.
இதை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அப்பா காலத்தில் ஆலை அரசாங்கத்துடையது.
நான் சேர்ந்தபோது ஜெர்மன்காரர்களுடையது.
போன மார்ச்சிலிருந்து
லக்ஸம்பர்க்கில் ஏதோ ஒரு நிதியத்துடையது.
வாசல் பலகையை மாற்றினார்கள்.
தொப்பியின் நிறத்தை மாற்றினார்கள்.
கேன்டீன் சூப்பில் நாலு குரோனா ஏறியது,
உருளைக்கிழங்கு இறங்கியது.
பிறகு கணினியை மாற்றினார்கள்.

புதிய கணினிக்குக் கொக்கி தெரியாது.
கொக்கி, கோடு, வளையம் எல்லாவற்றையும் வழித்து
ஒரே இரவில் ஆலை முழுவதற்கும்
முடியிறக்கிவிட்டது.
ஆளுக்கொரு புதிய எண்ணும் கொடுத்தது.
ஏழு இலக்கம். யாருக்கு மனப்பாடம்?

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பது.
என் தபால் அறையில் இரண்டு உறைகள்.
இரண்டிலும் டி. சிம்கோவா.
மேலே இருந்ததைப் பிரித்தேன்.
மேலே இருந்தது என்பதற்காக மட்டுமே பிரித்தேன்,
இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.
"தங்கள் பணி தொடர்கிறது
என்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்."

இன்னொன்றைப் பிரிக்காமல்
அவள் அறையில் செருகினேன்.
ஒட்டிய பசைகூட நலுங்கவில்லை.

ஏழு மணிக்கு அவள் படித்தாள்.
தொப்பியைக் கழற்றி
பெஞ்சின்மேல் குப்புற வைத்தாள்.
"உனக்கு?" என்றாள்.
"இருக்கிறேன்" என்றேன்.
"நல்லது, உனக்குப் பையன் இருக்கிறான்" என்றாள்.
அவளுக்கும் இருக்கிறான்.

ஜூனில் அட்டை வந்தது.
அதில் என் படம்,
அதன் கீழே ஏழு இலக்கம்.
கடிதத்தின் அடியிலும்
ஓர் ஏழு இலக்கம் உண்டு.
கடிதம் சமையலறை இழுப்பறையில்,
தீர்ந்த பேட்டரிகளுக்குக் கீழே இருக்கிறது.
சம்பளம் முதல் தேதி சரியாக வருகிறது.
எந்த அலுவலகத்துக்கும் சந்தேகம் இல்லை.
இழுப்பறையைத் திறக்காமல்
வெங்காயக் கத்தியை வெளியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

தலையெழுத்து என்று சொல்வார்கள்.
என்னுடையது உண்மையிலேயே
எழுத்தின் தலையில்தான் இருந்தது.
அதை அழித்ததும்
அவள் பெயருக்குள் விழுந்தேன்.
இப்போது அவள் பெயரில்
கம்பி சுற்றுகிறேன்,
அவளுடைய வேகத்துக்கு.

நேற்று சந்தை ஓரத்து
சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கப் போனேன்.
கல்லாவில் அவள் இருந்தாள்.
சட்டையில் கையால் எழுதிய பெயர்ச்சீட்டு,
எஸ் மேலே பெரிய கொக்கி.
"தப்பாக எழுதிவிட்டான், பார்" என்று சிரித்தாள்,
"உன்னுடையது என்னிடம் இருக்கிறது."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை.
மீதியை அவள் என் கையில் எண்ணி வைத்தாள்,
ஒவ்வொரு காசாக,
சரியாக.