ஒன்றுக்குப் பன்னிரண்டு

தை கடைசியில் பெய்யக்கூடாத மழை.
கொள்முதல் நிலையத்தில்
அட்டியின் உச்சியில் நின்று
தார்ப்பாயை இழுத்தேன்.
காற்றும் இழுத்தது.
நெல் நனையவில்லை என்று
பிறகு சொன்னார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாற்பத்தெட்டு நாள்,
சரியாக ஒரு மண்டலம்.
வீட்டுக்குத் தூக்கி வந்தபோது
இடுப்புக்குக் கீழே
யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு.

வியாழன்தோறும் அந்தப் பிள்ளை வரும்,
கோட்டூரிலிருந்து ஸ்கூட்டியில்.
ஜெசிந்தா என்று பெயர்.
பையில் ரப்பர் பட்டை, டேப்பு,
என் பெயரை வைரகன்னு என்று எழுதிய பதிவேடு.
திருத்தும்மா என்றால்
"கார்டுலயும் அப்படித்தான் இருக்கு,
திருத்துனா பணம் வராதுண்ணே."

முதல் நாள் நான்தான் கேட்டேன்:
மேட்டூர் திறந்தால்
எங்கள் ஊர் மதகுக்குத் தண்ணீர் வர
இருபது நாள் ஆகும் பிள்ளை,
நாங்கள் கடைமடை.
என் காலுக்கு எத்தனை நாள்?

கண்ணை மூடிக்கச் சொன்னது.
"கட்டை விரலை அசைக்கிறேன்,
மேலயா கீழயான்னு சொல்லுங்க."
மேலே.
கீழே.
மேலே என்றேன், கொஞ்சம் சத்தமாக.
"கடைசி ரெண்டு தடவை
நான் தொடவே இல்லண்ணே."

அதற்குப் பிறகு
மேட்டூர் பேச்சை எடுக்கவில்லை.

கைக்குத்தான் வேலை.
உத்தரத்தில் கயிறு.
மணல் நிரப்பிய பாட்டில்.
நாற்பது கிலோ மூட்டையோடு
பலகையில் ஓடி ஏறியவனை
ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைத் தூக்கிப்
பத்து எண்ணச் சொன்னது.
ஏழில் கை நடுங்கியது.
குழாயும் பையும் கழுவ
இந்திராணியை நான் கூப்பிட்டபோது
"உங்க கை நல்லாத்தானே இருக்கு?" என்றது.
அன்று அதன்மேல் எனக்குக் கோபம்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு
ஒரு மூட்டையை மாற்றினேன்.
அறுபத்திரண்டு கிலோ.
கூலி இல்லாமல் நான் தூக்கிய மூட்டை,
அதற்குள் நானே இருந்தேன்.

ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கொரு தரம்
இந்திராணியின் போன் கத்தும்.
எழுந்து என்னைப் புரட்டுவாள்,
டார்ச் அடித்து முதுகைப் பார்ப்பாள்,
புண் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு படுப்பாள்.
அவள் தூக்கத்துக்குப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.

சக்கர நாற்காலி வந்துவிட்டது.
வீடுதான் விடவில்லை.
நிலைப்படி, அதற்குக் கீழே இரண்டு படி,
மொத்தம் ஒன்றரை அடி.
பிள்ளை டேப்பை நீட்டியது:
"ஒன்னுக்குப் பன்னெண்டு.
ஒரு அடி எறங்கப் பன்னெண்டு அடி போகணும்."
எங்கள் வாசலோ பதினொன்று,
அப்புறம் கைப்பம்பு.
பம்பைச் சுற்றித் திரும்பினால் இன்னும் ஏழு.
பதினெட்டு.
தரையில் கரிக்கோடு போட்டுக் காட்டியது.

கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்தார்.
"நிலைப்படியை ஒடைக்கிறதா?
எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."
யாரிடம் கேட்பது?
பத்தொன்பது வருஷம்
வெள்ளிக்கிழமை தவறாமல்
அதற்கு மஞ்சள் பூசியவள்
சேலையைச் செருகிக்கொண்டு
தானே இடித்தாள்.
படியின் அடியில்
நாங்கள் போட்ட ஐந்து ரூபாய் நாணயம்.
துடைத்தாள், ஒரு நிமிஷம் பார்த்தாள்,
கொத்தனாரின் டீக்குக் கொடுத்தாள்.

நேற்று வியாழக்கிழமை.
பிள்ளை வந்தபோது கட்டில் காலி.
போன் அடித்தது.
"எங்கண்ணே இருக்கீங்க?"

மதகடியில்.
தண்ணீர் வந்ததா என்று பார்க்க வந்தேன்.
வரவில்லை இன்னும்.
முந்தின ராத்திரி மழைச் சேற்றில்
இடது சக்கரம் மாட்டிக்கொண்டது,
யாராவது வருவார்கள், அவசரமில்லை,
கொக்கு ஒன்று நிற்கிறது.

"அப்ப இன்னைக்கு
என்னன்னு எழுதறது?"

ஆள் வீட்டில் இல்லைன்னு
எழுது பிள்ளை.