எஃபெல்ஸ்பெர்க், அதிகாலை மூன்று பத்து

மைக்ரோவேவ் அடுப்புக்கு இங்கே தடை.
செல்பேசியும் செத்திருக்க வேண்டும்.
ஆகவே ஆறிப்போன உப்புமாவோடு
நூறு மீட்டர்க் கிண்ணத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.
மழை விட்டு ஒரு மணி நேரம்.
ஐஃபெல் மலையின் பீச் மரங்கள் மட்டும்
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன.

ஹில்கர்ஸ் கிண்ணத்தைத் திருப்புகிறார்.
மூவாயிரத்து இருநூறு டன் எஃகு
தூக்கத்தில் புரண்டு படுக்கிறது.

பிப்ரவரியில் காமாக்காரர்கள் கூவினார்கள்,
அந்த விண்மீன் மண்டலம் சீறுகிறது என்று.
பார்த்தேன். ரேடியோவில் ஒன்றுமில்லை.
கோடு செத்த பாம்பாய்க் கிடந்தது.
"உங்கள் கருவி கனவு காண்கிறது" என்றேன்
யூட்டாவிடம், முப்பது பேர் முன்னால்.

அவள் அன்று சொல்ல வந்தது இதுதான்:
கருந்துளை எல்லாவற்றையும் விழுங்குவதில்லை.
வாசல்வரை வந்து சுழல்வதில் கொஞ்சம்
தாரையாய்ப் பீய்ச்சப்படுகிறது,
ஒளிக்கு ஒரு மயிரிழை பின்னால்,
நம் முகத்துக்கு நேரே.
அதற்குள் எலெக்ட்ரான்கள்
காந்தக் கயிறுகளைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன.
ஓட்டத்திலேயே ரேடியோவாய் முனகுகின்றன.
குறுக்கே வருகிறது ஒரு சோணி ஒளித்துகள்,
எவரையும் சுடாத வெறும் அகச்சிவப்பு.
மோதல்.

தாரை வார்த்தல் என்ற சொல்லை
அந்த நொடிக்கென்றே வைத்திருக்கிறேன்.
இருப்பதையெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு
எலெக்ட்ரான் தளர,
சோணி
காமாவாகிப் புறப்படுகிறது.

காமாவுக்கு உடனே வழி கிடைத்துவிடும்.
ரேடியோவுக்குக் கிடைக்காது.
தாரையின் அடிவாரம் அத்தனை நெருக்கம்,
தன் முனகலைத் தானே விழுங்கும் மூட்டம்.
முடிச்சு ஒளியாண்டுக் கணக்கில் நகர்ந்து
விரிந்து, மெலிந்து,
பிறகுதான் குரல் வெளியே வரும்.

மூன்று பத்து.
போன வாரத்துப் புள்ளிக்கு மேலே
இன்றைய புள்ளி.
நம்பவில்லை. ஒளி மாறாத வேறொரு மூலத்தைப் பார்த்துவிட்டு
மறுபடி வரச் சொன்னேன்.
புள்ளி அசையவில்லை.
ஹில்கர்ஸ் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே
"வந்துட்டுது" என்கிறார்,
ஜெர்மனில், ஒற்றைச் சொல்லில்.

இருநூறு கோடி ஆண்டுப் பயணத்தில்
மூன்று மாதம் ஒரு தாமதமா?
முப்பது பேர் முன்னால் என்றால், ஆமாம்.

உப்புமாவைத் தள்ளி வைத்துவிட்டு
"யூட்டா," என்று தட்டச்சு செய்கிறேன்.
அடுத்த சொல் இன்னும் மூட்டத்தைத் தாண்டவில்லை.
அதற்குள் கிண்ணம்
வேறு பக்கம் புரளத் தொடங்கிவிட்டது.