நாலெட்டுச் சந்து

நைஜர் ஆறு கரையேறிக்
கூரைகளைக் கொண்டுபோன மறு ஏப்ரலில்
மேட்டு நிலத்தில் மனை பிரிக்க
என்னை அனுப்பினார்கள்.
தெருவுக்குப் பன்னிரண்டு மீட்டர்,
தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டுமாம்.
மரமில்லாத நிலம்.
என் முக்காலியின் நிழலில்
மூன்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராய் உட்கார்ந்தார்கள்.
கருவி அசையும் என்று விரட்டினேன்.
அறுநூற்றுப் பத்து முளைகள் அடித்தேன்,
தலையில் வெள்ளைச் சாயம் பூசி.

மறுநாள் வெள்ளைத் தலைகள் இடம் மாறியிருந்தன.
ஆடு முட்டியிருக்கும் என்றான் உதவியாள்.
எந்த ஆடு
நூல் பிடித்தாற்போல
தெருத்தெருவாக முட்டும்?

திரும்ப அடித்தேன். திரும்ப நகர்ந்தன.
மூன்றாம் இரவு ஜீப்புக்குள் விழித்திருந்தேன்.
நிலவில் வந்தான் கிம்பா,
தண்ணீர் வண்டி தள்ளுகிறவன்.
பீப்பாய்க்குள் சுத்தியல்,
பின்னால் பாதிக் குடியிருப்பு.

"எத்தனை மீட்டர் வைக்கிறாய்?"
"மீட்டர் தெரியாது. நாலு எட்டு."
"யாருடைய எட்டு?"
"ஹம்சாத்துவுடையது. அவள்தான் குள்ளம்."

ஹம்சாத்து சிரிக்கவில்லை.
காராமணி வடை சுட்டு விற்பவள்.
"உச்சி வேளை கடவுளுடையது,
அதை யாரும் கேட்கவில்லை.
நாலு மணி எனக்கு வேண்டும்,
ஒன்பது மணி இவன் வண்டிக்கு.
சுவர் மூன்று மீட்டர் எழுப்பப் போகிறோம்.
உன் தெருவில் நிழல்
கால்வாசி தூரம் வந்து
களைத்து உட்கார்ந்துவிடும்.
சந்தெல்லாம் வடக்கு தெற்காய் ஓடட்டும்.
கிழக்கு மேற்கில் இரண்டு போதும்,
சூரியன் நடந்துபோக."

அவள் சொல்வது தப்பென்று காட்டத்தான்
டார்ச் வெளிச்சத்தில் கணக்குப் போட்டேன்.
நாலு மணிக்கு நாற்பத்து மூன்று பாகை.
நிழல் மூன்று மீட்டர் இருபது.
"சந்து நிரம்பி
எதிர்ச்சுவரில் ஒரு சாண் ஏறும்" என்றேன்,
தோற்ற குரலில்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
விலகலுக்குக் காரணம்.
அளவைப் பிழை என்று எழுதி
ஸலாமத்து ஹாமிது என்று கையெழுத்திட்டேன்.
தீயணைப்பு வண்டி அப்போதும்
மாவட்டத் தலைநகரில் டயர் இல்லாமல்
செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது.

இதோடு முடித்திருப்பேன்.
ஜனவரியில், பாலைப் புழுதிக் காற்றில்,
ஓர் ஓலைப் பந்தல் பற்றிக்கொண்டது.
மண்சுவர் எரியவில்லை.
தீ பந்தலுக்குப் பந்தல்
சந்தின் தலைக்கு மேலே தாவியது.
மூன்று வீடு. ஒரு கழுதை.
கிம்பாவின் பீப்பாய் வந்தது,
வேறெதுவும் வரவில்லை.
பன்னிரண்டு மீட்டர் இருந்திருந்தால்
ஒரு வீட்டோடு நின்றிருக்குமா?
அந்தக் கணக்கை இன்னும் போடுகிறேன்.
அதற்குப் பாகை கிடைப்பதில்லை.

ஏப்ரலில் போய்ப் பார்த்தேன்.
ஓலைக்குப் பதில் தகரம் போட்டிருந்தார்கள்,
காசு இருந்தவர்கள்.
இரண்டு குடும்பங்கள் வழக்காடியதில்
ஒரு தெரு மட்டும் என் வரைபடப்படியே கிடக்கிறது,
நாய்கூட அதில் படுப்பதில்லை.

நாலு மணி. எண்ணெய் கொதிக்கிறது.
சந்து முழுக்க ஆட்கள், ஆடுகள்,
நிழலில் நிறுத்திய ஒரு தண்ணீர் வண்டி.
ஹம்சாத்து கரண்டியால் எதிர்ச்சுவரைக் காட்டினாள்:
கரியால் இழுத்த கோடு.
"ஒரு சாண் என்றாயே,
இரண்டு விரல் குறைகிறதே?"

"யாருடைய சாண்?" என்றேன்.