முதலில் ஓடுகிறவள்

ஒரு ஆரியங்காவு என்கிறார்,
கவுண்டர் துளைக்குள் பத்து ரூபாயை நீட்டி.
மலைக்கு அந்தப் பக்கம் லாட்டரி வாங்கப் போகிறவர்.
பையில் பழைய சீட்டுகளைக் கட்டியிருக்கும்
சிவப்பு ரப்பர் பேண்டு வரைக்கும் எனக்குத் தெரியும்.
ரிட்டர்ன் வேண்டாமா?
விழுந்துட்டா கார்ல வருவேம்மா.
செங்கோட்டை ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே
சில்லறை எண்ணுகிற வேலை எனக்கு.
ஹாக்கி வாங்கித் தந்தது.

சரளை மைதானத்தில் ஆடி வந்தவள் நான்.
முதன்முதலாக நீலத் தரையைப் பார்த்தபோது
ஆட்டத்துக்கு முன் அதற்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள்.
ஒரு புல்லும் முளைக்காத தரைக்கு
எதற்குத் தண்ணீர் என்று கேட்டுவிட்டேன்.
அந்த வாரம் முழுக்க
எனக்குப் பெயர் விவசாயி.

பெனால்டி கார்னர் என்றால்
கோல் கோட்டுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்போம்.
பந்து உள்ளே வந்ததும்
மற்றவர்கள் கோலைப் பார்த்துக்கொள்வார்கள்.
ஒருத்தி மட்டும்
அடிக்கப்போகிறவளை நோக்கி நேராக ஓட வேண்டும்.
அடி எங்கே வரும் என்று யோசிக்கக் கூடாது.
யோசித்தால் கால் வளையும்.
அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை.
கோச் விரல் நீட்டினார்,
விரல் என் பக்கம் இருந்தது,
அவ்வளவுதான்.

முதுகில் இசக்கி என்று எழுதித் தந்தார்கள்.
டப்ளினில் மைக்கில் வாசித்தவர்
ஐசாக்கி என்றார்.
இரண்டாம் முறை
எட்டாம் எண் என்று முடித்துக்கொண்டார்.

அங்கே பெய்தது மழை இல்லை, சாரல்.
ஆனியில் புளியரையில் நின்றால்
கேரளத்தில் கொட்டியது போக மிச்சம்
மூஞ்சியில் வந்து ஒட்டுமே, அது.
மற்றவர்கள் கையை ஊதிக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு மட்டும் மூக்கு ஒழுகவில்லை.

கடைசி நிமிடம். அவர்களுக்குக் கார்னர்.
பச்சைச் சட்டை, பதினேழாம் எண், க்விலிகன்.
ஓடினேன்.
முட்டிக்குக் கீழே பட்டால் மறுபடி கார்னர்.
முட்டியிலோ மேலேயோ பட்டால் பந்து எங்களுக்கு.
முட்டியிலேயே பட்டது.
பந்து எங்களுக்கு.
முட்டி
யாருக்கும் இல்லாமல் போயிற்று.

ஐஸ் கட்டியோடு கிடந்தபோது
அவள் வந்து சட்டையைத் தந்தாள், ஈரமாகவே.
பள்ளியில் கணக்கு டீச்சராம்.
சம்பளமில்லா லீவில் ஆட வந்திருக்கிறாளாம்.
எனக்கு ரயில்வே என்றேன்,
கையால் டிக்கெட் கிழித்துக் காட்டினேன்.
என் கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு
அந்தக் கையை
பொறாமையோடு பார்த்தாள்.

பெரம்பூர் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம்.
நீக்கிவிட்டோம் என்று யாரும் எழுதவில்லை.
அடுத்த பட்டியல் வந்தது,
அதற்கடுத்த பட்டியலும் வந்தது.
பதினொரு ஆட்டம்,
கோல் ஒன்றும் இல்லை.
ஓடி நிறுத்தியவை எத்தனை என்று
எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.

பச்சைச் சட்டையை ஒரு மழை நாளில்
ஸ்கூட்டர் சீட்டுக்குப் போர்த்தியிருந்தேன்.
செக்போஸ்ட்டில் மலையாளிக் காவலர் தொட்டுப் பார்த்தார்.
அயர்லண்ட்! ஏது வேர்ல்ட் கப்பு?
ஹாக்கி என்றேன்.
ஓ என்றார்.
பின்னால் மீன் லாரி ஹாரன் அடித்தது.

நேற்று அந்த லாட்டரிக்காரர் கேட்டார்:
ராசியா ஒரு நம்பர் சொல்லுங்க,
கடைசி ரெண்டு எழுத்து.
பதினொண்ணு.

இன்று காலை தலை துவட்டாமல் வந்து நின்றார்.
உங்க நம்பர் சரியில்லம்மா.
இல்லதான், என்றேன்.
ஆனா கோல் விழல.

என்னது?

அவர் பின்னால் இருந்தவர்
குடையை மடக்கிக்கொண்டே
ஒரு தென்மலை என்றார்.