முப்பத்தொன்பது புள்ளி நான்கு

டார்ட்டுவில் ஆற்றையே மறைத்த பனி.
டானெலுக்குக் காய்ச்சல்.
ஏழு வருஷத்தில் ஒரு சொல் தராதவன்
என் முகத்தைப் பிடித்துத் திருப்பி
"எம்மே, விளக்கு குத்துது" என்றான்.

மருந்துப் புட்டி கையிலிருந்தது.
திறக்க
நாற்பது நிமிஷம் ஆயிற்று எனக்கு.
இதை ரைவோவிடம்கூடச் சொன்னதில்லை.

விடிந்தபோது நெற்றி ஜில்லென்றிருந்தது.
அவன் மறுபடி
ஜன்னல் கண்ணாடியின் பிள்ளை.

எதிர்ப்பணுக்கள் எந்தக் கதவையோ
தட்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர் ஹெல்யே.
தட்டாமலும் இருக்கலாம்.
"எங்களுக்கு இன்னும் தெரியாது."
சின்னக் குழாயில் அவன் ரத்தம்
பெயர்ச்சீட்டோடு ஐஸ்பெட்டிக்குள் போகிறது.

விளக்கை மாற்றிவிட்டேன், மங்கலாக.
அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனாலும் அவன் தும்மும்போது
முதலில் மனசு துள்ளுகிறது.
அப்புறம்தான்
கை நெற்றிக்குப் போகிறது.