ஒரு சாண் தூரம்

புளியரை மலைப்பாதையில்
வளைவுச் சுவர்களுக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பது என் வேலை.
ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் வெள்ளை,
கோட்டைவாசல் வரைக்கும்.
அதற்கு மேல் இருக்கிற சுவர்
வேறு சர்க்கார், வேறு காண்ட்ராக்டர்,
அதே பெயிண்ட்.

ஷைனியின் அக்கா லிஸி கொல்லத்தில் நர்ஸ்.
பிள்ளை பிறந்த பத்தாம் நாள்
பஸ் கண்டக்டர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள்.
தடித்த அட்டையில் எட்டுப் பக்கம்.
வட்டத்துக்குள் வட்டம்.
வரிவரியாய் ஒரு மீன்.
சதுரங்கப் பலகையைக் கிழித்துத் தைத்தது போல் ஒரு பசு.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
உள்ளே ஓர் எழுத்துக் கிடையாது.
மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை.
பின்னட்டையில் விலை இருந்த இடத்தில்
பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.
பிய்த்துப் பார்த்தேன்: முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
நான் ஒரு நாள் முழுக்க அடிக்கிற சுவரில் பாதி.

போனில் லிஸி சொன்னாள்:
'குஞ்ஞுக்கு இப்போ நிறமொண்ணும் அறியாது.
ஒரு சாண் தூரம், அவ்வளவுதான் அதுக்கு உலகம்.
கறுப்பும் வெளுப்பும் தொடுகிற வரம்பு இருக்கே,
அதைத்தான் முதலில் பார்க்கும்.'

நிறமொன்றும் அறியாத அவளைப் பற்றி
மற்ற எல்லோருக்கும் ஒரே கேள்வி.
செங்கோட்டையிலிருந்து என் மதினி: 'நெறமா இருக்காளா?'
ஆரியங்காவிலிருந்து ஷைனியின் மாமன்: 'வெளுத்திட்டாணோ?'
குங்குமப்பூ வாங்கிக் கொடுத்தவர்கள்
ரசீது கேட்பது போல இருந்தது.

பெயர் இன்னும் வைக்கவில்லை.
அவர்கள் வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று,
இரண்டும் நோட்டில் பென்சிலில் கிடக்கின்றன.

ராத்திரி ரெண்டு மணிக்குப் புத்தகத்தை விரிப்பேன்.
வட்டத்துக்குள் வட்டம்.
அழுகை நடுவில் அறுந்து நிற்கும்.
இமைக்காமல் பார்ப்பாள்,
கடன் கொடுத்தவள் கணக்குப் பார்ப்பது போல.
அட்டையை நகர்த்தினால் கண் பின்னால் வரும்,
கொஞ்சம் தாமதமாக,
பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்புவது போல.
அதே இடத்தில் என் முகத்தை வைத்தால்
தாண்டிப் போய்விடுகிறாள்.
நெற்றி முடிந்து மயிர் தொடங்குகிற இடத்தில்
சற்று நின்று,
நரை கலந்திருப்பதைக் கண்டு ஏமாந்தவள் போல்
ஜன்னல் கம்பிக்குப் போய்விடுகிறாள்.
ஒரு மீனிடம் தோற்ற தகப்பன் நான்.
ஷைனி போர்வைக்குள் சிரிக்கிறாள்:
'அசூயையோ?'
'ஆமா.'

நேற்று மழை வந்துவிட்டது.
மூன்றாம் வளைவில் பாதிச் சுவரோடு வேலை நின்றது.
மண்ணெண்ணெய் டின் காலி, கை துடைக்காமல் வந்தேன்.
வாசலிலேயே அழுகை கேட்டது.
ஷைனி குளித்துக்கொண்டிருந்தாள்.
'தொடாதே, பெயிண்ட்டோட தொடாதே' என்று உள்ளிருந்து கத்தினாள்.
தொடவில்லை.
பாயில் கிடந்தவளின் முகத்துக்கு மேல் ஒரு கொசு.
அதை விரட்டக் கையை நீட்டினேன்,
முழங்கை வரை வெள்ளை தெறித்த கை.
அழுகை நின்றது.

ஒரு சாண்.
நான் அசையவில்லை.
மணிக்கட்டில் தொடங்கினாள்.
காய்ந்த சொட்டு, வழிந்த கோடு,
ரோமத்தில் சிக்கிய துளி,
எதையும் விடாமல் ஏறிப் போனாள்.
வெயிலில் கருகிக் கருகி
இனிக் கறுக்க இடமில்லாத தோல்.
ஷைனியின் வீட்டுக்கு முதல்முறை போனபோது
முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்த கை.
இதை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.
தோள் கடுத்தது. மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதத்தில் சிவப்பு தெரியுமாம்.
லிஸி சிவப்புப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறாளாம்.
வரட்டும்.

இன்று மழை விட்டிருக்கிறது.
மூன்றாம் வளைவில் மிச்சச் சுவர்.
வைக்கோல் லாரிக்காரன் ராத்திரியில்
எதைப் பார்த்து ஸ்டீயரிங்கை ஒடிக்கிறான் என்று
இத்தனை வருஷம் யோசித்ததில்லை.
கறுப்பு முடிகிற இடத்தில்
டேப் ஒட்டிக் கோட்டை நேராக்கினேன்.
ஒரு கட்டத்துக்கு இவ்வளவு நேரமா என்றார் சூப்பர்வைசர்.
'பக்கத்தோட ஓரம் சுத்தமா இருக்கணும் சார்.'
எந்தப் பக்கம் என்று கேட்டார்.