பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி

போரா காற்று கதவோடு சேர்த்து
அவனையும் உள்ளே தள்ளியது.
ஏகோன் பிராய்தா. முப்பது வயதிருக்கும்.
கைக்குட்டையில் சுற்றியிருந்ததை
முட்டையை வைப்பதுபோல் மேசைமேல் வைத்தான்.
"குரோனோகிராஃப். அறுபத்து மூன்று.
முஜ்ஜாவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது.
மிலானில் இதேபோல் ஒன்று
இருபத்திரண்டாயிரம் யூரோவுக்குப் போயிருக்கிறதாம்."
போயிருக்கலாம்.
ட்ரியெஸ்த்தேவில் படகு வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும்
இந்த மேசைக்கு ஒருமுறை வந்துபோகிறார்கள்.

முதலில் கொம்புகள்.
நான்கும் மழுங்கியிருந்தன,
சப்பித் துப்பிய மிட்டாய்போல.
மெருகுச் சக்கரத்தில் யாரோ ஆசைதீர உரசியிருக்கிறார்கள்.
விளிம்பு போனால் போனதுதான்,
எஃகு திரும்ப முளைப்பதில்லை.

முட்கள் சரி. பொத்தான்கள் பிற்காலத்தவை,
ஆனால் அதே ஆலை; மன்னிக்கலாம்.
முகப்பு அழகாயிருந்தது,
அதுதான் உறுத்தியது.
அறுபது வருட வெயிலும் வியர்வையும் பட்ட முகத்தில்
ஒரு மச்சம்கூட இல்லையென்றால்?
லூப்பைக் கண்ணில் செருகிக் குனிந்தேன்.
வேக அளவு வளையத்தில்
ஒரு ஆறின் வயிறு பக்கத்து ஆறைவிடப் பெருத்திருந்தது.
அச்சுக்கு அப்படித் தொப்பை போடாது,
தூரிகைக்குத்தான் போடும்.

திரையை இழுத்தேன். ஊதா விளக்கைப் போட்டு
அணைத்தேன்.
இருட்டில் எண்கள் பச்சையாய்
இன்னும் விழித்துக்கொண்டிருந்தன.
அந்தக் காலத்துப் பூச்சு என்றால்
விளக்கோடு சேர்ந்து அதுவும் அணைந்திருக்கும்.
"மறுபூச்சு" என்றேன்.
அவன் பேசாததால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தேன்:
"யாரோ ஒரு கசாப்புக்காரன்."

பிறகு பின்மூடியைத் திருகினேன்.
இயந்திரம் அசல். தூண் சக்கரம்
துலக்கிய பல்போல் பளிச்சென்று.
மூடியின் உட்புறத்தில் பழுது பார்த்தவர்களின் கீறல்கள்.
ஒன்று படிக்க முடியவில்லை.
ஒன்று ஜெனோவா.
மூன்றாவது: நீ.கோ., பதினொன்று, தொண்ணூற்றேழு.
ஏழின் குறுக்கே ஒரு கோடு,
கோட்டின் நுனியில் ஒரு சின்ன வால்.

அந்த வால் என் ரசீதுப் புத்தகத்தில்
நேற்றுகூட ஆடியது.

கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கூட்டிவரும்
ஒரு பைலட் அவர். மகளுக்குக் கல்யாணம்.
"காப்பி கொட்டினதுபோல் இருக்கிறது, நீவெஸ்,
புதுசாக்கிக் கொடு."
கருப்பு முகப்பு கடல்வெயிலில் கனிந்து
பழுப்பாகியிருந்தது.
இன்று மிலானில் கை உயர்த்துகிறார்களே,
அந்தப் பழுப்புக்குத்தான்.
நான் அதை வழித்தெடுத்து
நல்ல கருப்பாகப் பூசினேன்.
எண்களுக்கு ஜப்பானிலிருந்து அப்போதுதான் வந்த புதுப் பூச்சு.
கொம்புகளுக்கும் மெருகு, இலவசமாக.
எண்பதாயிரம் லிரா. சந்தோஷத்தில்
ஒரு பாட்டில் வைனும் தந்தார்.

"இந்தக் கீறல்தான் அந்தக் கசாப்புக்காரனா?"
ஏகோன் கேட்டான்.
பூசி மெழுகுவதில் எனக்கு அனுபவம் உண்டு,
கையில் தூரிகை இல்லாவிட்டாலும்.
"காரி" என்றேன்.
முதலில் அவனுக்குப் புரியவில்லை.
கதவுக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும்
கோசியான் என்ற பெயரைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்க்கவில்லை.

பேச்சு வராததால் பொத்தானை அழுத்தினேன்.
விநாடி முள் ஓடியது. நிறுத்தினேன்.
கீழ்ப் பொத்தான்:
உள்ளே சிறு சுத்தியல்
இதய வடிவத் தகட்டின்மேல் விழுந்து
முள்ளைப் பூஜ்யத்துக்குத் துரத்த வேண்டும்.
துரத்தியது.
ஒரு மயிரிழை தள்ளி நின்றது.
தொண்ணூற்றேழிலும் அங்கேதான் நின்றது.
மூன்று இரவு போராடி விட்டுவிட்டேன்,
அவரிடம் சொல்லவில்லை.

ஆறாயிரம் என்று எழுதினேன்.
மறுபூச்சு, செய்தவர் பெயருடன்.
நாற்பது யூரோ கட்டணத்தை நான் கேட்கவில்லை,
அவனும் எடுக்கவில்லை.
கைக்குட்டையை மடித்தபடி
கதவருகே நின்று கேட்டான்:
"அந்தப் பழுப்பு... எப்படி இருந்தது?"

சொல்ல வாயெடுத்தேன்.
கரைப்பானில் நனைத்த பஞ்சு
ஒவ்வொன்றாய் நிறம் மாறியது
நன்றாக ஞாபகம் இருக்கிறது.
முகப்பு
ஞாபகம் இல்லை.